திருப்பிச் சொல்பவள்

இருமியது அவள்தான். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொள்ள, இரண்டு தடவை இருமிவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, ஒரு மடக்குக் குடித்து, திரும்ப மூடி மேசையில் வைத்தாள். அதற்கப்புறம்தான் மேசை ஓரத்தில் இருந்த கறுப்பு ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து அந்த இருமல் கேட்டது. இரண்டு தடவை. அதே தொண்டை, அதே கரகரப்பு.

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே, வேலை நடக்கும் நேரமெல்லாம் திறந்தே கிடக்கும் லைன் அது. இங்கே பேசினால் அங்கே கேட்கும், அங்கே பேசினால் இங்கே கேட்கும். பெட்டிக்கும் வயசாகிவிட்டது, கம்பிக்கும் வயசாகிவிட்டது, எதையாவது திருப்பி அனுப்பியிருக்கும், அதற்கென்ன இப்போது. ஆனால் எதிரொலி என்றால் இருமின வாயை மூடுவதற்குள் வந்திருக்க வேண்டாமா? இது தண்ணீர் குடித்து முடித்த பிறகல்லவா வந்தது? அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியில் இன்னொரு சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் மூடி ஒன்று கீச்சென்று திருகப்படும் சத்தம். அப்புறம் யாரோ ஒரு மடக்கு விழுங்கும் சத்தம்.

"சுருட்டை? வந்துட்டியாடா?" என்றாள்.



சுருட்டை அவளோடு வேலை பார்க்கும் டெக்னீஷியன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனாலும் தலைமுடியை வைத்து ஒட்டிக்கொண்ட பேர் இன்னும் போகவில்லை. காலையிலேயே அவன் அந்த ஊரில், ஒன்றாம் நம்பர் ஹாலைத் திறந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டி நடுவழியில் நின்றுவிட்டது என்று போன் பண்ணி, "ஒரு மணி நேரம் அக்கா, சத்தியமா" என்றான். அவன் சத்தியத்தின் லட்சணம் அவளுக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது, ஆளைக் காணோம்.

விஷயம் இவ்வளவுதான். அந்த ஊரில் ஒன்றாம் நம்பர் ஹால், இந்த ஊரில் அச்சாக அதே மாதிரி இரண்டாம் நம்பர் ஹால். நகரத்து ஆஸ்பத்திரிகளின் விவரமெல்லாம் அங்கே டிஸ்க்குகளில் எழுதப்படும். எழுதிய சூட்டோடு ஒரு நகல் இங்கே வந்துவிடும். பதினொரு வாரத்துக்கு முன்னால் அங்கே தரைக்கடியில் ஓடும் கேபிள்களில் தீப்பிடித்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஹால் படுத்துவிட்டது. அதுவரை நகல் வாங்கிக்கொண்டு சும்மா கிடந்த இந்த ஹால் மொத்தப் பொறுப்பையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது, அதைப் பார்த்துக்கொள்ள அவளும் வந்து சேர்ந்தாள். "நாலே நாள்தான்மா" என்று அனுப்பி வைத்தார் மேனேஜர். நாலு நாள் பதினொரு வாரமாயிற்று. ஊருக்கு வெளியே ஜன்னலே இல்லாத கட்டடம், பக்கத்தில் ஒரு லாட்ஜ் அறை, ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், அந்த ஊரில் வீடு, புருஷன், ஆறு வயசு மகள்.

மகளுக்கு வீட்டில் வாலு என்று பேர். பத்து நாளாக அவளுடைய முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை அப்பா தொடக் கூடாது, டாக்டர் தொடக் கூடாது, அம்மா வந்துதான் பிடுங்க வேண்டும் என்று ஒரே அழிச்சாட்டியம். அந்தப் பக்கம் கடிக்காமல், தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சாப்பிடுகிறாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு எல்லாம் முடிந்துவிடும். இத்தனை வாரமாக இங்கே எழுதியதையெல்லாம் அங்கே திரும்ப நகலெடுத்து, இரண்டும் சமமானதும் பொறுப்பை அங்கேயே ஒப்படைத்துவிட்டால், அவள் பையை எடுத்துக்கொண்டு மாலை ரயிலைப் பிடிக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அடுத்த மாசம்தான் தேதி கொடுப்பார்கள். இன்னும் ஒரு மாசம் என்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அப்போது பெட்டி பேசியது.

"சுருட்டை? வந்துட்டியாடா?"

அவள் குரல்தான். அந்த 'டா'வில் இருந்த எரிச்சல் உட்பட.

லைன் கோளாறு, வேறென்ன என்று வாய்விட்டுச் சொல்ல வந்தவள் சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள். சொன்னால் அதுவும் திரும்ப வருமே என்றிருந்தது. ஹாலில் மின்விசிறிகளின் இரைச்சல் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது, வரிசை வரிசையாக நின்ற இரும்பு அலமாரிகளில் பச்சைப் புள்ளிகள் சிமிட்டிக்கொண்டிருந்தன, தரைக்கடியில் ஓடும் குளிர்காற்று தரைப்பலகைத் துளைகள் வழியாகக் கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போனது. பதினொரு வாரமாகப் பழகிய சத்தம், பழகிய குளிர். இன்றைக்கு மட்டும் பின்னங்கழுத்து கூசியது.

காலையில் செய்த காரியம் ஒன்று மனசைப் பிறாண்டியது. இந்தத் தொழிலில் 'ரெண்டு வாய்' என்று ஒரு வழக்கம் உண்டு. நகல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் இதில் உயிர். திசை மாறினால் பதினொரு வாரத்துப் புது விவரத்தின் மேல் பழசு ஏறி உட்கார்ந்துவிடும். யாருக்கு எந்த ரத்தம், யாருக்கு எந்த மருந்து ஆகாது, அத்தனையும் போச்சு. அதனால் ஒவ்வொரு படியையும் ஒரு முனையில் இருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மறுமுனையில் இருப்பவர் அதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் பட்டனில் கை வைக்கலாம். யார் இருந்தாலும் சரி, யார் அவசரப்படுத்தினாலும் சரி. தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறப்பார்கள் என்று இவர்களைப் பற்றி ஆபீசில் கேலி உண்டு.

இங்கே அவள் ஒண்டி. ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் இரண்டு வாயும் அவளுடையதுதான். ஒரு தடவை தன் குரலில் சொல்வாள், மறு தடவை சுருட்டை மாதிரி குரலைக் கட்டையாக்கிக்கொண்டு திருப்பிச் சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். இன்றைக்குக் காலையில் அவன் வரும்வரை காத்திருந்தால் ரயில் போய்விடும் என்று தோன்றியது. அந்தப் பக்கம் டிஸ்க்குகளுக்கு வெள்ளிக்கிழமையே மின்சாரம் கொடுத்தாகிவிட்டது, லைனும் திறந்திருந்தது, ஆள்தான் இல்லை. "நகல் திசை, இரண்டிலிருந்து ஒன்றுக்கு" என்றாள். பிறகு, பெட்டியைப் பார்த்தபடி, குரலைக்கூட மாற்றாமல், "நகல் திசை, இரண்டிலிருந்து ஒன்றுக்கு" என்று தானே திருப்பிச் சொல்லி, பட்டனை அழுத்திவிட்டாள்.

ஆளில்லாத அந்த ஹாலில் அவள் குரல் இரண்டு தடவை ஒலித்திருக்கும். அவ்வளவுதானே?

திரையில் இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, இன்னும் நகலாக வேண்டிய மிச்சம். இன்னொன்று, அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைவிட எத்தனை விநாடி பின்தங்கியிருக்கிறது என்பது. மிச்சம் குறைந்துகொண்டே வர வேண்டும். குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் நடுநடுவே துள்ளி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மதியம், வேலை முடியும்வரை ஆஸ்பத்திரிக்காரர்கள் புதுசாக ஒன்றும் அனுப்ப மாட்டார்கள், பின்னே எது ஏறுகிறது? அவள் நாற்காலியை நகர்த்தினாள். எண் துள்ளியது. கையைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்தாள். எண் அமைதியாக இறங்கியது. சுண்டுவிரலை மட்டும் தூக்கினாள்.

துள்ளியது.

மேசையில் விரல் முட்டியால் மூன்று தடவை தட்டிவிட்டு, இரண்டாவது எண்ணைப் பார்த்தாள். முப்பத்திரண்டு. மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.

பெட்டியில் டொக், டொக், டொக்.

போனை எடுத்து அந்தக் கட்டடத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். மனுஷன் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். "உள்ள யாரும் இல்லம்மா. பூட்டு போட்டது போட்டபடி இருக்கு. சாவி சுருட்டைத் தம்பிகிட்டல்ல இருக்கு?" என்றார்.

"கண்ணாடி வழியா ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கண்ணே."

செருப்புச் சத்தம். ஏதோ கதவு. அப்புறம் அவர் குரலில் கொஞ்சம் தூக்கம் தெளிந்திருந்தது. "லைட்டு எரியுதும்மா."

"எந்த லைட்டு?"

"உள்ள. நாலாவது வரிசை. ஆள் அசைஞ்சாத்தானே அந்த லைட்டு எரியும்?"

அவளும் உட்கார்ந்திருந்தது நாலாவது வரிசைதான்.

"எலி கிலி ஓடியிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். அவளுக்கும் அப்படியே நம்பிவிட வேண்டும் போலிருந்தது. தீப்பிடித்த கட்டடம், ஆள் புழங்காத இடம், எலி இருக்காதா என்ன? எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்று எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. வரிசையின் கோடி வரை போய், சுவரைத் தொட்டுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள். பெட்டியில் நாற்காலி கிறீச்சிட்டது. தரைப்பலகையில் காலடிகள் விலகிப் போயின. கொஞ்சம் நிதானம். திரும்பி வந்தன. யாரோ நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார்கள்.

போன் அடித்ததில் தூக்கிவாரிப்போட்டது. புருஷன்.

"உன் பொண்ணு பண்ற கூத்தைக் கேளு" என்றான் சிரித்துக்கொண்டே. பின்னால் தெருச் சத்தம். "நாளைக்குக் காலைல ரயில்ல வருவான்னு நூறு தடவை சொல்லியாச்சு. 'அம்மா வேலை இன்னைக்கே இங்க திரும்பி வந்துடுதுல்ல, அப்ப அம்மாவும் அதுகூட வந்துடுவா'ங்கறா. உன் பழைய ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாத்தான் ஆச்சாம். நிக்கறோம், ரெண்டு பேரும், வேடிக்கை பாத்துக்கிட்டு."

அந்த வாசலுக்கு மேலே, இரண்டாவது மாடியில்தான் அந்த ஹால்.

"அம்மா!" வாலு போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பல்லு இன்னும் விழலம்மா. நான் விடவே இல்ல. நீ வந்துடுவேல்ல?"

"வந்துடுவேன்டா கண்ணு" என்றாள். வேறென்ன சொல்ல முடியும்? "அப்பாகிட்ட சொல்லு, வெயிலா இருக்கு, வீட்டுக்குப் போயிடுங்க. அம்மா வீட்டுக்கே வந்துடறேன்."

குழந்தை உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டது. பின்தங்கல் பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. பதினொரு விநாடி கழித்து, பெட்டியிலிருந்து, கொஞ்சலாக:

"வந்துடுவேன்டா கண்ணு."

அந்தக் கொஞ்சல்தான் அவளை உடைத்தது. இருமலை எடுத்துக்கொள், நாற்காலியை எடுத்துக்கொள், நடையை எடுத்துக்கொள். இது அவளுடைய குழந்தைக்கு அவள் சொன்னது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, பெட்டியைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று பார்த்தாள். அப்போது பெட்டிக்குள் எங்கோ தூரத்தில் சாவி திரும்பியது, கனமான கதவு ஒன்று திறந்தது, விசில் அடித்துக்கொண்டே ஒருவன் உள்ளே வந்தான்.

சுருட்டை! அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஒரு மனுஷக் குரல். விசில் பாதியில் நின்றது.

"அக்கா!" என்றான். "என்னக்கா இது! எப்ப வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே!"

அவள் பெட்டியின் பக்கம் குனிந்தாள். "நான் எங்கடா வந்தேன்? இங்கதான் இருக்கேன்."

"இங்கதான் இருக்கீங்க, அதான் தெரியுதே. முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தா கண்டுபிடிக்க மாட்டேனா? அது சரி, கதவு பூட்டியிருந்துச்சு, எப்படி உள்ள..."

அவன் முடிப்பதற்குள், அவனுக்குப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. "நான் எங்கடா வந்தேன்? இங்கதான் இருக்கேன்."

சுருட்டை விழுந்து விழுந்து சிரித்தான். "போதும்க்கா. பெட்டில ஒரு தடவை, நேர்ல ஒரு தடவையா? ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கீங்களா? ஆளைப் பயமுறுத்தறதுக்குன்னே வந்திருக்கீங்க."

"டேய், வெளிய போடா! அது நான் இல்ல!" என்று கத்தினாள். கத்தும்போதே நாற்காலியிலிருந்து எழுந்து, பெட்டியை நோக்கிக் கையை நீட்டியிருந்தாள். மனசுக்குள் விநாடிகளை எண்ணினாள். ஆறு. ஏழு. பெட்டிக்குள் ஒரு நாற்காலி தடாலென்று பின்னால் போயிற்று.

"டேய், வெளிய போடா! அது நான் இல்ல!"

சிரிப்பு நின்றது. "எது அக்கா?" என்றான், குரலைத் தாழ்த்தி. "அந்தப் பெட்டியைக் காட்டறீங்களே, அதுல பேசறதா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. எதைச் சொன்னாலும் அது அங்கேயும் சொல்லப்படும். எச்சரித்தால் அதுவும் எச்சரிக்கும். அழுதால் அழும். கண்ணெதிரே முகமும் கண்ணீருமாக நிற்பவளை நம்புவானா, பெட்டிக்குள் கரகரக்கும் குரலை நம்புவானா? அவள் வாயை இறுக மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"உக்காருங்க, உக்காருங்க" என்றான் சுருட்டை. "முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு. ரயில்ல தூங்கல போல. லைன்ல ஏதோ கோளாறு, உங்க குரலையே திருப்பி அனுப்புது. விடுங்க. வேலையை முடிச்சுட்டு வீட்டுக்குப் போங்க, கீழ வாசல்ல அண்ணனும் பாப்பாவும் நிக்கறாங்க. என்னைக் கண்டதும் பாப்பா பல்லை ஆட்டிக் காட்டுச்சு."

இன்னும் வாசலில்தான் நிற்கிறார்கள்.

போனை எடுத்தாள். புருஷன் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, கிசுகிசுப்பாக, "பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுங்க. இப்பவே. யார் வந்து கூப்பிட்டாலும் நிக்காதீங்க. நானே வந்தாலும் நிக்காதீங்க" என்றாள்.

"என்ன பேசறே நீ? ஜுரமா உனக்கு?"

"கேள்வி கேக்காதீங்க, போங்க!"

திரையில் பின்தங்கல் மூன்று. மேசையின் வலது பக்கத்தில், சிவப்பு மூடி போட்ட பட்டன். அதை அழுத்தினால் நகல் நடுவிலேயே அறுந்துவிடும். அந்தப் பக்கத்து டிஸ்க்குகள் பழசும் இல்லாமல் புதுசும் இல்லாமல் பாதியில் நிற்கும், எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்னும் ஒரு மாசம், ஒரு மாசம் என்ன, மூன்று மாசம்கூட ஆகலாம். ரயில் போய்விடும். குழந்தை பல்லை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அப்புறம் இன்னொரு நினைப்பு வந்தது. பாதியில் அறுத்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என்ன ஆகும்? பாதி முகத்தோடு எழுந்து நிற்குமா?

அவள் தயங்கினாள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவ்வளவு ஆசை அவளுக்கு. அந்த ஆசையில் அவள் தயங்கியது இரண்டே மூச்சு.

பின்தங்கல் ஒன்று.

எழுந்தாள். மூடியைத் திறந்தாள். பெட்டியில் ஒரு மூடி திறந்தது, அவள் திறந்த அதே நொடியில்.

பூஜ்யம்.

விரல் பட்டனுக்கு மேலே.

"சமமாயிடுச்சு அக்கா!" சுருட்டையின் குரல் உற்சாகமாக வந்தது. "நான் சொல்றேன், நீங்க திருப்பிச் சொல்லுங்க. பொறுப்பு மாற்றம், இரண்டிலிருந்து ஒன்றுக்கு."

"பொறுப்பு மாற்றம், இரண்டிலிருந்து ஒன்றுக்கு" என்றாள்.

அவள் சொல்ல நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. வருஷக்கணக்காகப் பழகின வாய். பெட்டியிலும் அதே வார்த்தை, அதே நொடியில், இரண்டு குரல் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரே குரலாக. அங்கே சுருட்டை பட்டனை அழுத்தும் சத்தம் கேட்டது.

மின்விசிறிகள் ஒரு கணம் தயங்கிவிட்டு ஓடின.

விரலை இறக்கினாள். இறங்கவில்லை.

மறுபடி இறக்கினாள். விரல் பட்டனுக்கு மேலே காற்றில் நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கி, நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது. அவள் ஒதுக்கவில்லை. கத்தினாள். சத்தம் வரவில்லை. வாய் மூடியே இருந்தது, உதட்டோரம் கொஞ்சம் விரிந்து, களைத்த ஒரு சிரிப்பு அதில் உட்கார்ந்திருந்தது. புதுப் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. அதற்கடியில் கருகின ரப்பர் நாற்றம். இந்த ஹாலில் எதுவும் கருகியதில்லை.

"கிளம்புங்கக்கா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றான் சுருட்டை. "அந்தப் பக்கம் இனிமே ஆளே வேண்டாம். வெறும் நகல்தானே. ஏதாவது கெட்டுப்போனாத்தான் யாராவது எட்டிப் பாக்கணும்."

"வரேன்டா" என்றது அவள் வாய்.

டக்கென்று பெட்டி அணைந்தது.

கால்கள் நடந்தன. வரிசையின் கோடி வரை போய்த் திரும்பின. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, முட்டியை மடக்கி, படி இறங்குவதுபோல் நின்ற இடத்திலேயே ஏறி இறங்கின. ஒரு படி. இன்னொரு படி. மேசையில் போன் இன்னும் துண்டிக்கப்படாமல் கிடந்தது. அதில் தெருச் சத்தம். ஹாரன். புருஷன், "ஹலோ? ஹலோ? என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். போங்க, போங்க, போயிடுங்க என்று அவள் உள்ளுக்குள் அலறினாள். ஒரு கேட் திறக்கும் சத்தம்.

"அம்மா!"

ஓடி வரும் சின்னச் செருப்புகள்.

"அடிப்பாவி!" என்றான் புருஷன், மூச்சு விட்டுச் சிரித்து. "ஜுரமோ என்னமோன்னு பயந்தே போயிட்டேன். இதுக்குத்தான் இத்தனை நாடகமா? பெரிய திட்டக்காரிதான் போ!"

போன் துண்டிக்கப்பட்டது.

அவள் மண்டியிட்டாள். இரண்டு கைகளும் விரிந்து, ஆறு வயசுக் குழந்தை நிற்கும் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தை இறுக வளைத்துக்கொண்டன. கன்னம் சாய்ந்தது. வாலுவின் தலையில் தேய்க்கும் எண்ணெயின் வாசனை மட்டும் வந்தது. சூடு இல்லை. எடை இல்லை. பிறகு வலது கையின் இரண்டு விரல்கள் காற்றில் மெல்ல நீண்டு, மிகச் சின்னதாக எதையோ பிடித்து, முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தன.

"வலிக்காதுடா கண்ணு" என்றது அவள் வாய்.

விரல்கள் வெடுக்கென்று இழுத்தன.

பிறகு எழுந்தாள். இடது கை தாழ்ந்து, ஒரு குட்டிக் கையைச் சுற்றிப் பிடிக்கும் அளவுக்கு மடங்கிக்கொண்டது. கால்கள் புறப்பட்டன. நெற்றி கண்ணாடிக் கதவில் மோதியது. கால்கள் நிற்கவில்லை. அந்த ஊரில், மாலை வெயிலில், ஒரு தெரு நீளத்துக்கு நடந்தாக வேண்டும். மறுபடி மோதியது. கண்ணாடியில் ஈரமாக ஒரு தடம். மறுபடி. நாலாவது வரிசையின் விளக்கு, ஆள் அசைகிறது என்று, அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அவள் வாய் பக்கத்தில் குனிந்து, ஆளில்லாத காற்றிடம் சிரித்துச் சிரித்து ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தது.